மகளுக்குத் தோழி கொடுத்த பரிசை அவளே திரும்ப வாங்கிக்கொண்டால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

எனக்குக் கோபம்தான் வந்தது. மகளுக்கு வரவில்லை.

நாங்கள் இருப்பது பாளையங்கோட்டையில். மகள் மூன்றாம் வகுப்பு. ஆவணியில் அவள் பிறந்தநாளுக்கு, நான்கு வீடு தள்ளியிருக்கும் தோழி ஓர் ஓலைக்கொட்டான் நிறைய மரச் சொப்புச் சாமான் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மி, உரல், உலக்கை, திருகை எல்லாம் விரல் உயரத்தில். அம்பாசமுத்திரத்துக் கடைசல் வேலை என்று பார்த்தவுடனே தெரிந்தது. மரம் சுழலச் சுழல அரக்கை வைத்து அழுத்துவார்கள். உரசும் சூட்டில் அது உருகி வண்ணமாகப் படியும். இந்த உரலின் விளிம்பில் அரக்கு தேய்ந்து மரம் தெரிந்தது. 'பழைய சாமானைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள்' என்று மனைவியிடம் சொன்னேன். என் புத்தி அப்படித்தான் போயிற்று.

புரட்டாசியில் ஒரு மாலை அந்தப் பிள்ளை வாசலில் வந்து நின்றாள். "மாமா, அந்தச் சொப்பு எனக்குத் திரும்ப வேண்டும்."

மகள் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். எண்ணிப் பார்த்தால் உலக்கையைக் காணோம். இருவரும் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து தேடினார்கள். அரைமணி நேரம் ஒரே சிரிப்பு. நான் கூடத்தில் உட்கார்ந்து, அந்த வீட்டில் போய் என்னென்ன கேட்கலாம் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்லவேளை, போகவில்லை. மறுநாள் அந்தப் பிள்ளையின் அம்மாவே வந்துவிட்டார். கல்லிடைக்குறிச்சியில் சிறுமியாக இருந்தபோது அவருடைய அப்பா வாங்கிக் கொடுத்த சொப்பாம் அது. கொலுவுக்காகப் பரணை ஒழித்தபோதுதான் கொட்டானைக் காணவில்லை. அம்மா தேடுவதைப் பார்த்த பிள்ளை பயந்து இங்கே ஓடி வந்திருக்கிறாள். "கொடுத்தது கொடுத்ததுதான் அண்ணே, கொலு முடிந்ததும் அனுப்பிவிடுகிறேன்" என்றார். "அதெல்லாம் வேண்டாம் மதினி, உங்கள் அப்பா கொடுத்தது உங்களிடமே இருக்கட்டும்" என்றாள் மனைவி.

ஆகவே, முதல் நாள் சும்மா இருங்கள். போனை எடுக்காதீர்கள். வீட்டில் எது தன்னுடையது, எது அம்மாவுடையது என்ற கணக்கு எட்டு வயதில் தெளிவாக இராது. நம் கணக்கு மட்டும் என்னவாம்? எங்கள் கல்யாண மொய் நோட்டு இன்றும் பீரோவில் இருக்கிறது. பத்திரிகை வந்தால், நமக்கு எவ்வளவு எழுதினார்கள் என்று அதைப் புரட்டிப் பார்த்துத்தான் கவரில் பணம் வைக்கிறோம்.

சண்டைக்குச் சண்டை காய் விட்டு, கொடுத்ததைப் பிடுங்கும் பிள்ளைகளும் உண்டு. அது வேறு. அவர்களிடம் எதுவும் வாங்காதே என்று நம் பிள்ளையிடம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று: உடனே பதிலுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்காதீர்கள். நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே டவுனுக்குப் போய், அடுப்பில் விளக்கு எரியும் பிளாஸ்டிக் சமையல் செட் வாங்கி வந்தேன். மகள் ஒருமுறை விளக்கைப் போட்டுப் பார்த்தாள். மறுநாள் பெட்டியைக் காணவில்லை. கேட்டால், தோழி வீட்டுக் கொலுவில் கீழே பூங்கா அமைக்கிறார்களாம், அதில் வைக்க அவளுக்கே கொடுத்துவிட்டாளாம்.

"அப்பா வாங்கிக் கொடுத்ததை நீ எப்படிக் கொடுக்கலாம்? போய் வாங்கி வா" என்று சொல்லிவிட்டேன்.

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.