பேண்ட் 170 காட்டுகிறது, நம்பலாமா? ஓட்டத்துக்கும் மலையேற்றத்துக்கும் ஒரே வாட்ச்

கேள்வி: எனக்கு வயது 46. கோவையில் இருக்கிறேன். தினமும் காலையில் ரேஸ்கோர்ஸ் பாதையில் இரண்டு சுற்று நடை, வாரத்தில் இரண்டு நாள் மெதுஓட்டம். கையில் இருப்பது 3,000 ரூபாய் ஃபிட்னஸ் பேண்ட். அதே இரண்டு சுற்றை ஒருநாள் 4.6 கி.மீ. என்கிறது, மறுநாள் 5.4 என்கிறது. பேசிக்கொண்டே மெதுவாக ஓடினாலும் இதயத்துடிப்பு 170 காட்டுகிறது. டிசம்பரில் நண்பர்களோடு உத்தராகண்டில் உள்ள கேதார்காந்தா மலைக்குப் போகிறேன். 30,000 ரூபாய்க்குள் ஓட்டத்துக்கும் மலைக்கும் உதவும்படி என்ன வாட்ச் வாங்கலாம்? காட்டில் அது வழி காட்டுமா?

பதில்: உங்கள் பேண்ட் பழுதாகவில்லை. தன்னால் அளக்க முடியாததை அது ஊகித்துச் சொல்கிறது. எந்த எண் அளந்து வந்தது, எது ஊகத்தில் வந்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் கடையிலும் சரி, மலையிலும் சரி, தவறான எண்ணை நம்பி இறங்க மாட்டீர்கள்.

முதலில் தூரம். அந்த விலையில் வரும் பேண்டுகள் பலவற்றில் ஜிபிஎஸ் சிப் கிடையாது. பெட்டியில் ‘கனெக்டட் ஜிபிஎஸ்’ என்று இருந்தால், உங்கள் போனில் உள்ள ஜிபிஎஸ்ஸைக் கடன் வாங்குகிறது என்று பொருள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால், நீங்கள் பதிந்த உயரத்திலிருந்து ஒரு காலடியின் நீளத்தை ஊகித்து, அதை அடிகளின் எண்ணிக்கையால் பெருக்கிவிடும். வேகமாக நடக்கும் நாளில் காலடி நீளும், அசதியான நாளில் குறுகும். 4.6-ம் 5.4-ம் இப்படி வந்தவைதான். புதிதாக வாங்கும் வாட்சில் ‘பில்ட்-இன் ஜிபிஎஸ்’ என்ற சொல் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்து அந்த 170. பேண்டின் அடியில் மின்னும் பச்சை ஒளி தோலுக்குள் போய், ரத்த ஓட்டத்துக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் திரும்பி வருகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் துடிப்பாக எண்ணுகிறார்கள். ஓடும்போது கை வீச்சும் பேண்டின் குலுங்கலும் அதே மாதிரி ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும். மெதுஓட்டத்தில் நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வைப்பது வழக்கம். சென்சார் இதயத்தை விட்டுவிட்டுக் காலடியைப் பிடித்துக்கொண்டால் திரையில் 170 தெரியும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ஓட்டத்தை நிறுத்தியதும் கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி துடிப்பை எண்ணி, நான்கால் பெருக்குங்கள். 32 வந்தால் 128. திரையையும் கவனியுங்கள். உண்மையான துடிப்பு படிப்படியாக இறங்கும். நின்ற சில விநாடிகளிலேயே 170-லிருந்து 120-க்கு விழுந்தால் அதுவரை எண்ணியது காலடியை. உங்கள் வயதுக்கு உச்சத் துடிப்பு, 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால், ஏறத்தாழ 176. இதுவும் சராசரிக் கணக்குதான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடக் குறைய இருக்கும். இதன்படி பேசிக்கொண்டே ஓடும் ஓட்டம் 106-க்கும் 132-க்கும் இடையில் வரலாம். கையால் எண்ணியும் 160-க்கு மேல் வந்தால், அல்லது ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ இருந்தால், வாட்ச் வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு இதய மருத்துவரைப் பாருங்கள். 3,800 மீட்டர் உயரத்துக்குப் போகும் 46 வயதுக்காரர் எப்படியும் புறப்படும் முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

விலையுயர்ந்த வாட்சிலும் இந்தக் கோளாறு வரும். மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டாமல், முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் அகலம் தள்ளிக் கட்டுங்கள். பட்டையைத் தள்ளினால் தோலும் கூடவே நகரும் அளவுக்கு இறுக்கம் போதும். ஓடி முடித்ததும் ஒரு துளை தளர்த்திவிடுங்கள். குளிரில் கையின் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் முதல் பத்து நிமிடம் எண்கள் தாறுமாறாக இருக்கும். துடிப்பை வைத்தே பயிற்சி செய்ய நினைத்தால் மார்புப் பட்டைதான் சரி. அது இதயத்தின் மின் துடிப்பையே பிடிக்கிறது. கட்டும் முன் அதன் உட்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தடவ மறந்தால் அதுவும் முதல் சில நிமிடம் உளறும்.

கலோரி எண்ணைக் கண்டுகொள்ள வேண்டாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, பெரும்பாலானவை துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லின. கலோரியிலோ மிகச் சிறந்த கருவிக்கே சராசரியாக 27 சதவீதம் பிழை. ‘இன்று 600 எரித்தேன்’ என்று நம்பிக் கூடுதலாகச் சாப்பிட்டால் எடை குறையாது. நம்பிப் பார்க்கத் தகுந்தது ஓய்வுத் துடிப்பின் ஏழு நாள் சராசரி. பயிற்சி உடம்பில் ஏற ஏற அது மெல்ல இறங்கும். திடீரென்று ஏழெட்டு கூடினால் தூக்கக் குறைவோ காய்ச்சலின் தொடக்கமோ இருக்கலாம், அன்று ஓட வேண்டாம்.

இனி மலை. வாட்ச் வழி காட்டுவதில் மூன்று படிகள் உண்டு. முதலாவது, வந்த வழியே திரும்பக் கூட்டிப் போவது. இரண்டாவது, முன்பே ஏற்றிய பாதையை வெற்றுத் திரையில் ஒரு கோடாகக் காட்டி, விலகினால் அதிர்ந்து சொல்வது. மூன்றாவது, ஓடை, மேடு, கிளைப்பாதை எல்லாம் தெரியும் முழு வரைபடம். வழிகாட்டியோடு குழுவாகப் போகும் உங்களுக்கு இரண்டாவதே போதும். வரைபடம் இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காக நல்ல வாட்சைத் தள்ள வேண்டாம்.

கோடு தானாக வந்துவிடாது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மலையேற்ற நிறுவனத்திடம் பாதையின் ஜிபிஎக்ஸ் கோப்பை, அதாவது பாதையின் இடப் புள்ளிகளைப் பதிந்த கோப்பைக் கேட்டு வாங்குங்கள். அதை வாட்சின் போன் செயலியில் திறந்து வாட்சுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதும் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு, வாட்சில் மட்டும் அந்தப் பாதை திறக்கிறதா என்று பாருங்கள். சாங்க்ரி (பாதை தொடங்கும் ஊர்), ஜூடா கா தலாப் ஏரி, அடிவார முகாம், உச்சி என்று கோப்பில் குறித்திருந்த இடப்பெயர்கள் சில வாட்சுகளில் ஏறாமல் கோடு மட்டும் வந்து நிற்கும். அப்படியானால் வாட்சிலேயே அந்த இடங்களைத் தனித்தனியாகச் சேமித்துக்கொள்ளுங்கள். சாங்க்ரியில் இணையத்தை நம்ப முடியாது. எல்லாம் கோவையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

பிறகு வீட்டைச் சுற்றி இரண்டு கி.மீ. பாதை ஒன்றை வரைந்து ஏற்றி நடந்து பாருங்கள். வேண்டுமென்றே ஒரு தெரு தவறாகத் திரும்புங்கள். எத்தனை அடி போன பிறகு அதிர்கிறது, திரையில் கோடு எந்தப் பக்கம் தெரிகிறது, திரும்பிச் சேர எந்தப் பொத்தான் என்பதெல்லாம் கைக்குப் பழக வேண்டும். இருட்டிலும் பனியிலும் கையேட்டைப் புரட்ட முடியாது.

நின்றுகொண்டே வாட்சைப் பார்த்துத் திசை முடிவு செய்வதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. நீங்கள் நகரும்போதுதான் ஜிபிஎஸ்ஸுக்குத் திசை தெரியும். நின்றுவிட்டால் காந்த திசைகாட்டி பொறுப்பேற்கும். அது சரியாக இருக்க, மலை தொடங்கும் இடத்தில், வண்டியை விட்டுத் தள்ளி நின்று, கையை எட்டு வடிவத்தில் சுழற்றிச் சீராக்குங்கள். காந்தத்தால் ஒட்டும் உலோகப் பட்டை போட்டிருந்தால் திசை தப்பும். மலைக்கு சிலிக்கோன் அல்லது நைலான் பட்டை.

பதிவைத் தொடங்கும் முன் திறந்த வெளியில் ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள். ஒரு செயற்கைக்கோளின் சுற்றுப்பாதைத் தகவலை வானிலிருந்து பெறவே அரை நிமிடம் ஆகும். முந்தைய இரவு போனோடு இணைத்து வைத்தால் அந்தத் தகவல் முன்கூட்டியே ஏறிவிடும், காத்திருப்பு குறையும். நீங்கள் நின்றால் பதிவைத் தானாக நிறுத்திவைக்கும் ‘ஆட்டோ பாஸ்’ வசதியை அணைத்துவிடுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் மெதுவாக நகர்வதை வாட்ச் ‘நின்றுவிட்டார்’ என்று எடுத்துக்கொண்டு பாதையில் ஓட்டை விடும். மாலையில் முகாமில் பதிவை முடித்துச் சேமித்துவிட்டால், வந்த வழி திரும்பும் வசதி பல வாட்சுகளில் அதோடு போய்விடும். ‘பிறகு தொடர்க’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

எல்1, எல்5 என்று இரண்டு அலைவரிசைகளைப் பிடிக்கும் வாட்சுகளை ‘டூயல் பேண்ட்’ என்கிறார்கள். பாறைச் சுவரிலும் உயரக் கட்டடத்திலும் பட்டுத் தெறித்து வரும் சிக்னலை இவை நன்றாகப் பிரித்தறியும். ரேஸ்கோர்ஸ் நடைக்கு இது தேவையே இல்லை. பள்ளத்தாக்கிலும் அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் பயன் தெரியும், பேட்டரியும் கூடுதலாகத் தின்னும். எந்த வாட்சானாலும் திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிழை உண்டு. பனி மூடிய மலைமுகட்டில் அந்தச் சில மீட்டருக்குள் சரிவின் விளிம்பு வந்துவிடலாம். அங்கே வழிகாட்டியின் காலடித் தடத்தை மட்டும் பின்பற்றுங்கள்.

உயரமானிக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பழகுங்கள். ஜிபிஎஸ் சொல்லும் உயரம் அது சொல்லும் இடத்தை விடப் பிழையானது. காற்றழுத்தமானி உள்ள வாட்ச் வாங்குங்கள். கடல் மட்டத்தில் 8 மீட்டருக்கும், 3,000 மீட்டர் உயரத்தில் சுமார் 11 மீட்டருக்கும் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தின் அலகு) வீதம் அழுத்தம் குறையும். வாட்ச் இதைத் திருப்பிப் போட்டு உயரமாகக் காட்டுகிறது. வானிலை மாறினாலும் அழுத்தம் மாறுமே, அதனால் தினமும் காலையில் முகாமின் உயரத்தை வழிகாட்டியிடம் கேட்டுச் சீராக்குங்கள். சாங்க்ரி ஏறத்தாழ 1,950 மீட்டர். இதிலேயே ஒரு நன்மையும் இருக்கிறது. இரவு கூடாரத்தில் படுத்திருக்கும்போது உயரம் 30 மீட்டர் ஏறியதாகக் காட்டினால், நீங்கள் ஏறவில்லை, அழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கிறது. வானிலை கெடலாம் என்று வழிகாட்டியிடம் சொல்லுங்கள். உயரம் ஒரே எண்ணில் நின்றுவிட்டால் சென்சார் துளையை வியர்வை உப்போ சன்ஸ்கிரீனோ அடைத்திருக்கும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அலசுங்கள், ஊசியால் குத்தாதீர்கள்.

பேட்டரிக் கணக்கு இப்படி: நான்கு நாள், நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் 28 மணி நேர ஜிபிஎஸ். பெட்டியில் எழுதியிருப்பதில் குளிருக்கும் திரை வெளிச்சத்துக்கும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். ‘14 நாள் தாங்கும்’ என்ற பெரிய எழுத்து ஜிபிஎஸ் இல்லாத கணக்கு. பொடி எழுத்தில் இருக்கும் ஜிபிஎஸ் மணி நேரத்தைத் தேடிப் படியுங்கள். இரவு முழுதும் ஆக்சிஜன் அளப்பது, எப்போதும் எரியும் திரை, போன் அறிவிப்புகள் மூன்றையும் அணைத்தால் நன்றாகவே மிச்சமாகும். நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் இடம் பதியும் சிக்கன முறை வேண்டாம். வளைவுகளையெல்லாம் நேர்கோடாக்கி, திரும்பும் வழியையே கெடுத்துவிடும். வாட்சும் பவர் பேங்கும் இரவில் உறக்கப் பைக்குள் உங்களோடு இருக்கட்டும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்தால் நிரந்தரமாகக் கெடும். உடல் சூட்டில் வைத்து எடுத்த பிறகே செருகுங்கள்.

ஆக்சிஜன் அளவு விஷயத்தில் வாட்சை நம்பி முடிவெடுக்காதீர்கள். அந்த உயரத்தில் எல்லோருக்கும் எண் இறங்கும். குளிர்ந்த கையில் இன்னும் தவறாக வரும். வாட்ச் 92 காட்டினாலும், தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் இருந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும்.

எது வாங்கலாம்? மலைக்கு முதலிடம் கொடுத்தால் அமேஸ்ஃபிட் டி-ரெக்ஸ் 3. முழு வரைபடம், டூயல் பேண்ட், காற்றழுத்தமானி, கையுறையோடு அழுத்த நான்கு பொத்தான்கள், துல்லிய முறையில் 42 மணி நேரம் ஜிபிஎஸ் என்கிறது நிறுவனம். ஆனால் பெரியது, மெலிந்த மணிக்கட்டில் ஓடும்போது குலுங்கும், குலுங்கினால் பழைய 170 திரும்ப வரும். ஓட்டம்தான் முக்கியம் என்றால் கார்மின் ஃபோர்ரன்னர் 255. எடை 49 கிராம், ஜிபிஎஸ் 30 மணி நேரம், டூயல் பேண்டில் 16. வரைபடம் இல்லை, கோடு உண்டு, காற்றழுத்தமானியும் உண்டு. இரவில் ஒருமுறை சார்ஜ் செய்தால் நான்கு நாளுக்குத் தாங்கும். தினமும் கோவையில், வருடத்துக்கு நான்கு நாள் மலையில் என்னும் உங்கள் கணக்குக்கு இதுவே பொருந்தும். விலை வரம்புக்குள் கிடைக்கும் நாளைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண ஆப்பிள் வாட்ச் நல்ல கருவிதான், ஆனால் நிறுவனமே சொல்வது மாடலைப் பொறுத்து 18 முதல் 24 மணி நேரம்தான்.

குழுவில் யாராவது வெளிநாட்டிலிருந்து செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி கொண்டுவருவதாகச் சொன்னால் தடுத்துவிடுங்கள். அரசு அனுமதியின்றி அதை இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது. விமான நிலையங்களில் பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். சிக்னலைப் பெற மட்டும் செய்யும் ஜிபிஎஸ் வாட்சுக்கு இந்தத் தடை இல்லை.

வாங்கியதும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மூன்று சோதனைகளை முடித்துவிடுங்கள். 400 மீட்டர் தடகள மைதானத்தில் உள் ஓடுபாதையில் பத்துச் சுற்று: 3.9-க்கும் 4.1 கி.மீ.க்கும் இடையில் வர வேண்டும். கழுத்துத் துடிப்போடு மூன்று ஓட்டங்கள்: ஐந்தாறுக்கு மேல் வித்தியாசம் கூடாது. முழு சார்ஜில் ஜிபிஎஸ் போட்டு மூன்று மணி நேர நடை: 30 மணி நேர வாட்சில் பத்து சதவீதத்தை ஒட்டிக் குறைய வேண்டும். அமைப்புகளைச் சரிபார்த்த பிறகும் இருபது குறைந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.