பழைய விளையாட்டைத் திரும்பச் செய்தால் வழக்கு வருமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். என் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறான். ஓப்பன் டி.டி.டி. என்ற இலவச விளையாட்டை எடுத்து, சேலம், ஓமலூர், ஏற்காடு எல்லாம் வருகிற மாதிரி ஒரு வரைபடத்தை நண்பனோடு சேர்ந்து செய்திருக்கிறான். மரவள்ளிக் கிழங்கை லாரியில் ஜவ்வரிசி ஆலைக்குக் கொண்டு போவது, காபிக் கொட்டையை மலையிலிருந்து இறக்குவது என்று நம் ஊர்த் தொழில்கள் அதில் இருக்கின்றன. கோடை விழாவின்போது ஏற்காட்டில் ஸ்டால் போட்டு, பென் டிரைவில் ஏற்றி நூறு ரூபாய்க்கு விற்க ஆசைப்படுகிறான். பஸ், ரயில் படங்களும் சத்தங்களும் மட்டும் பழைய ஒரிஜினல் விளையாட்டிலிருந்து எடுத்தவை. அந்த சி.டி.யை என் கணவர் பல வருஷம் முன்பு பெங்களூரில் காசு கொடுத்து வாங்கினார். இப்போது ஒரு ஏஜென்ட் வந்து, "இது காப்பிரைட் கேஸ் ஆகும், 35,000 ரூபாய் கொடுத்தால் டெல்லியில் பதிவு செய்து சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன், அப்புறம் யாரும் தொட முடியாது" என்கிறார். கொடுக்கலாமா? பையன் மேல் கேஸ் வருமா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. ஏற்கெனவே அட்வான்ஸ் ஏதாவது கொடுத்திருந்தால், மேற்கொண்டு ஒரு ரூபாய்கூட வேண்டாம். உங்கள் மகன் செய்திருப்பதில் பெரும்பகுதி தவறே இல்லை. தவறு இருப்பது ஒரே இடத்தில்: பழைய விளையாட்டின் படங்களும் சத்தங்களும். ஸ்டால் போடுவதற்கு முன் அவற்றை எடுத்துவிட்டால் உங்கள் கவலையில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். அந்த ஏஜென்ட் வாங்கித் தருவதாகச் சொல்லும் சர்டிபிகேட், இந்தத் தவறைச் சரிசெய்யாது. புதிதாக இன்னொரு தவறைச் சேர்க்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் தம்பி எடுத்திருக்கும் விளையாட்டைப் பற்றி. டிரான்ஸ்போர்ட் டைகூன் என்ற விளையாட்டை ஸ்காட்லாந்துக்காரரான கிறிஸ் சாயர் எழுதினார். 1994-ல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்டது. 1995-ல் வந்தது அதன் டீலக்ஸ் பதிப்பு. 2004-ல் லுட்விக் ஸ்ட்ரிகியஸ் என்ற ஸ்வீடன் நாட்டு புரோகிராமர், அந்த விளையாட்டு உள்ளே எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் பார்த்து, வேறு கம்ப்யூட்டர் மொழியில் திரும்ப எழுதினார். அதுதான் ஓப்பன் டி.டி.டி. அதற்கு ஜி.பி.எல். என்ற உரிமம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, பிறருக்குக் கொடுக்கலாம் என்று அந்த உரிமமே சொல்கிறது.

அம்மாபேட்டைக்காரர் என்பதால் தறியை வைத்தே சொல்கிறேன். ஒரு தறியைப் பார்த்து அதே வேலை செய்கிற இன்னொரு தறியை நீங்கள் செய்துகொள்ளலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் வரைந்த சேலை டிசைனை அப்படியே எடுத்து அதில் நெய்து விற்க முடியாது. விளையாட்டை ஓட்டுகிற புரோகிராம்தான் தறி. பஸ், ரயில், மரம், வீடு, ஹார்ன் சத்தம், பின்னணி இசை எல்லாம் டிசைன். சட்டத்தின் கண்ணும் இதைத்தான் பார்க்கிறது: கருத்துக்கு உரிமை கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உரிமை. நம் உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சரக்கு ஏற்றி இறக்கிப் பணம் சம்பாதிக்கும் விளையாட்டு என்ற யோசனை யாருக்கும் சொந்தமில்லை. சாயரின் விளையாட்டில் வருகிற அந்த ரயில் எஞ்சின் படம் சொந்தமானது.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். 2012-ல், கட்டைகளை அடுக்குகிற டெட்ரிஸ் விளையாட்டின் நிறுவனம் போட்ட வழக்கில், விளையாட்டின் விதிகளை எடுத்ததோடு நிற்காமல் கட்டைகளின் தோற்றத்தையும் திரையின் அமைப்பையும் அச்சு அசலாக எடுத்தார்கள் என்பதால்தான் எதிர்த் தரப்பு தோற்றது.

உங்கள் மகனுக்கு நல்ல செய்தி, ஓப்பன் டி.டி.டி.க்குப் பழைய சி.டி. இப்போது தேவையே இல்லை. ஆரம்ப வருஷங்களில் தேவைப்பட்டது. பிறகு ஆர்வலர்கள் பலர் சேர்ந்து ஒவ்வொரு பஸ்ஸையும் ஒவ்வொரு வீட்டையும் புதிதாக வரைந்து ஓப்பன் ஜி.எப்.எக்ஸ். என்ற படத்தொகுப்பைச் செய்தார்கள். சத்தத்துக்கும் இசைக்கும் அதேபோல் தனித்தனித் தொகுப்புகள் இருக்கின்றன. 2010-ல் 1.0 பதிப்பு வந்தபோதே பழைய கோப்புகள் இல்லாமல் விளையாட முடிந்தது. தம்பிக்கு இது தெரியாமல் இருக்காது. பழைய படங்கள் கண்ணுக்கு அழகாக இருக்கின்றன என்று வைத்திருப்பார். புரிகிறது. ஆனாலும் விற்கிற பொருளில் அவை இருக்கக் கூடாது. ஜவ்வரிசி ஆலை, காபித் தோட்டம் எல்லாம் அவரே வரைந்ததாக இருந்தால் அவை அவருடைய சொத்து. அவற்றைத் தாராளமாக வைக்கட்டும்.

"சி.டி.யைக் காசு கொடுத்துத்தானே வாங்கினோம்?" என்கிறீர்கள். இங்கேதான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆவது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. முறையாக வாங்கிய புரோகிராமை, வாங்கியவர் தன் சொந்த உபயோகத்துக்காக, வியாபார நோக்கம் இல்லாமல், நகல் எடுக்கலாம், மாற்றியும் அமைக்கலாம். சி.டி. பழுதாகிவிடும் என்று பத்திரத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஆகவே உங்கள் கணவர் வாங்கிய சி.டி.யிலிருந்து கோப்புகளை எடுத்து, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓப்பன் டி.டி.டி.யோடு சேர்த்து விளையாடினால் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. வீட்டு லேப்டாப்பில் இன்னொரு நகல் இருந்தாலும் நான் கவலைப்பட மாட்டேன். ஆனால் அந்தக் கோப்புகளை நண்பனுக்குப் பென் டிரைவில் கொடுத்தால் விலக்கு அங்கேயே முடிந்தது. நண்பன் வாங்கவில்லையே. கல்லூரி லேபில் இருக்கிற இருபது கம்ப்யூட்டரில் போட்டால், அது சொந்த உபயோகம் இல்லை. இணையத்தில் ஏற்றினால், இலவசமாகவே கொடுத்தாலும், அது விநியோகம். நூறு ரூபாய்க்கு விற்றால் கேட்கவே வேண்டாம், விலக்கின் நிழல்கூட உங்கள் மேல் விழாது. விற்காமல் ஸ்டாலில் விளையாட மட்டும் விட்டால்? அதுவும் வீட்டு உபயோகம் ஆகாது. சி.டி. தொலைந்துவிட்டது, அட்டைப் பெட்டி மட்டும் இருக்கிறது, அதே கோப்பை எங்கிருந்தோ டவுன்லோட் செய்தேன் என்றால், அதை முறையாகப் பெற்ற நகல் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. நடைபாதையில் முப்பது ரூபாய்க்கு விற்ற டூப்ளிகேட் சி.டி.க்கு இந்த விலக்கு முதல் நாளிலிருந்தே இல்லை.

"கம்பெனியே மூடிவிட்டது, கைவிடப்பட்ட விளையாட்டு" என்று போட்டுப் பழைய விளையாட்டுகளைக் கொட்டி வைத்திருக்கும் தளங்களையும் நம்பாதீர்கள். கைவிடப்பட்டது என்று சட்டத்தில் ஒரு வகையே கிடையாது. இந்தியாவில் எழுதியவர் வாழ்நாள் முழுக்கவும், அதற்கு மேல் 60 வருஷமும் உரிமை இருக்கும். கம்பெனி கைமாறினால் உரிமையும் கூடவே கைமாறும். வெளிநாட்டுப் படைப்புக்கும் இங்கே பாதுகாப்பு உண்டு, அவர்கள் இங்கே வந்து பதிவு செய்ய வேண்டிய அவசியமும் இல்லை.

சரி, அந்த ஏஜென்டுக்கு வருவோம். மென்பொருளைப் பதிவு செய்ய அரசுக் கட்டணம் 500 ரூபாய். காப்பிரைட் அலுவலகத்தின் இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே விண்ணப்பிக்கலாம். டைரி எண் கிடைத்ததும் யாராவது ஆட்சேபம் சொல்கிறார்களா என்று 30 நாள் காத்திருப்பார்கள். புரோகிராமின் முதல் 10 பக்கம், கடைசி 10 பக்கம் கேட்பார்கள். இவ்வளவுதான் வேலை. இதற்கு 35,000 ரூபாய் என்பது பகல் கொள்ளை.

பணத்தைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. பதிவு என்பது "இது என் சொந்தப் படைப்பு" என்று நீங்கள் அரசிடம் சொல்வது. அடுத்தவர் படைப்பைப் பயன்படுத்த அரசு கொடுக்கும் அனுமதி அல்ல. அப்படி ஒரு அனுமதியைத் தருகிற அலுவலகம் டெல்லியிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. உரிமையாளர் மட்டும்தான் தர முடியும். ஓப்பன் டி.டி.டி. பலர் சேர்ந்து எழுதியது, ரயில் படம் சாயரின் விளையாட்டிலிருந்து வந்தது. மொத்தத்தையும் உங்கள் மகன் பெயரில் சொந்தப் படைப்பு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால், பதிவேட்டில் பொய்ப் பதிவு செய்த குற்றம் அவர் தலையில் விழும். 67-ஆவது பிரிவு, ஒரு வருஷம் வரை சிறை. ஏஜென்ட் அந்த விண்ணப்பத்தில் எங்கேயும் கையெழுத்துப் போட மாட்டார். பிரச்சினை வந்தால் அவர் போன் எடுக்க மாட்டார்.

இப்படிப்பட்டவர்களை நான் வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறேன். முதலில் பயமுறுத்துவார்கள், உடனே தீர்வையும் அவர்களே விற்பார்கள். உங்கள் பையன் விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துப் பாருங்கள். கல்லூரியில் புராஜெக்ட் கண்காட்சி நடந்தால் அங்கே விசிட்டிங் கார்டோடு நிற்பார்கள். "காப்பிரைட் செல்லிலிருந்து பேசுகிறோம், ஆன்லைனில் அபராதம் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் மிரட்டுவது இன்னொரு வகை. உண்மையான உரிமையாளர் யாரும் யு.பி.ஐ. எண் கொடுத்து அபராதம் கேட்க மாட்டார். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள். உரிமையாளர் நான்தான் என்று சொல்லிக்கொண்டு ஆதாரமில்லாமல் காப்பிரைட் வழக்கு என்று மிரட்டுபவர் மேல் நீங்களே நீதிமன்றம் போகவும் 60-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது.

சிறை பற்றிய பயத்துக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். தெரிந்தே உரிமையை மீறினால் 63-ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். லாப நோக்கம் இல்லாவிட்டால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். நூறு ரூபாய் விலை வைத்ததுமே அந்தச் சலுகையை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள். 2022-ல் உச்ச நீதிமன்றம் இது ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, ஒரு சப்-இன்ஸ்பெக்டர் நினைத்தால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகலாம். லாரி லாரியாகத் திருட்டு சி.டி. அடித்தவனுக்கும், மரவள்ளி லாரியை வரைந்த மாணவனுக்கும் ஒரே பிரிவு. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒரு சின்ன சந்தேகம் கேட்க மாவட்டத் தலைநகரில் ஒரு ஜன்னல்கூட காப்பிரைட் அலுவலகத்துக்குக் கிடையாது. அந்த வெற்றிடத்தில்தான் ஏஜென்ட்கள் கடை போடுகிறார்கள்.

நடைமுறையில் இத்தகைய விஷயங்களில் முதலில் வருவது போலீஸ் அல்ல, கோப்பை நீக்கச் சொல்லும் நோட்டீஸ். ஆனால் அலட்சியம் வேண்டாம். ஜி.டி.ஏ. 3, வைஸ் சிட்டி விளையாட்டுகளைப் பிரித்துப் பார்த்துத் திரும்ப எழுதிய ரசிகர்கள், படங்களுக்கு உங்கள் சொந்த நகலையே பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அப்படியும் அந்த விளையாட்டுகளின் உரிமையாளரான டேக்-டூ நிறுவனம் 2021 பிப்ரவரியில் அவர்கள் எழுதிய புரோகிராம் கோப்புகளை, புரோகிராம்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலிருந்து நீக்க வைத்தது, செப்டம்பரில் கலிபோர்னியாவில் வழக்கும் போட்டது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கேட்கிறேன்: விளையாட்டின் பின்னணியில் சினிமாப் பாட்டு ஏதாவது ஓடுகிறதா? ஓடினால் இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். பழைய விளையாட்டின் உரிமையாளர் எங்கோ இருக்கிறார். பாட்டுக் கம்பெனிகளுக்குச் சென்னையில் வக்கீல்கள் இருக்கிறார்கள், இம்மாதிரி வழக்குகள் அவர்களுக்கு அன்றாட வேலை.

நூறு ரூபாய்க்கு விற்பதை ஜி.பி.எல். தடுக்காது. வாங்குகிறவருக்கு மூல நிரலையும் (சோர்ஸ் கோடு) கொடுக்க வேண்டும், அவர் அதை நகல் எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்தால் தடுக்கக் கூடாது. பென் டிரைவில் உரிமத்தின் முழு வாசகத்தையும் மூல நிரலையும் சேர்த்துப் போடட்டும். ஓப்பன் டி.டி.டி., ஓப்பன் ஜி.எப்.எக்ஸ். இரண்டையும் செய்தவர்களுக்கான நன்றி முதல் திரையிலேயே தெரியட்டும். ஸ்டால் பேனரில் பழைய விளையாட்டின் பெயரையோ அட்டைப் படத்தையோ போட வேண்டாம்.

அப்புறமும் யாராவது நோட்டீஸ் அனுப்பினால், அதை எடுத்துக்கொண்டு அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்பதால் உங்கள் வருமானத்தைப் பார்க்காமலே இலவசமாக வக்கீல் தருவார்கள். தம்பிக்கு வந்த நோட்டீஸாக இருந்தாலும் முதல் ஆலோசனை கேட்க நீங்களே போகலாம். சி.டி.யையும், பில் இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள்.