மெல்வில் இதையெல்லாம் நினைத்தா எழுதினார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மூன்று மாதம் எடுத்துக்கொண்டு அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ நாவலை ஆங்கிலத்தில் படித்து முடித்தேன். திமிங்கிலத்தைத் துரத்தும் கடைசி மூன்று அத்தியாயங்களைப் படித்த இரவு தூங்கவே முடியவில்லை. அந்த வேகத்தில் நாவலைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன், சோர்ந்துபோனேன். தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்தும் கேப்டன் ஏஹாப் ஒரு சர்வாதிகாரி என்கிறார் ஒருவர். கப்பல் ஒரு தொழிற்சாலை என்கிறார் இன்னொருவர். திமிங்கிலத்தின் வெள்ளை நிறத்தைப் பற்றிய அந்த அத்தியாயம் எனக்குச் சலிப்பாக இருந்ததால் பாதியில் தாண்டிவிட்டேன். அதையும் அடிமை முறையோடு சேர்த்துப் பேசுகிறார்கள். மெல்வில் இதையெல்லாம் நினைத்தா எழுதினார்? 1956இல் வந்த படத்தையும் பார்த்தேன். அது கதையை நேராகச் சொல்லிவிட்டுப் போகிறது. அதுவே போதும் என்று தோன்றியது. இந்த ஆய்வுகளைப் படிக்கத்தான் வேண்டுமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

மெல்வில் நினைத்தாரா என்று நானும் பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கேட்பது வேறு: இந்தக் கட்டுரையைப் படித்தபின் நாவலில் நான் கவனிக்காமல் கடந்துபோன ஒரு வரியாவது கண்ணில் படுகிறதா? பட்டால் அந்த ஆய்வு எனக்கு வேண்டும். நாவலைத் திறக்காமலே எழுதியிருக்கலாம் என்று தோன்றினால், எவ்வளவு பெரிய கோட்பாட்டைச் சொன்னாலும் மூடிவைத்துவிடுவேன். ஏஹாபின் வெட்டுண்ட காலை வைத்துக்கொண்டு அவர் ஆழ்மனதை அலசும் கட்டுரைகளில் பல எனக்கு அப்படித்தான் மூடப்பட்டன.

அந்த வெள்ளை நிறத்துக்கு வருகிறேன். 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசன் ஒரு உரை நிகழ்த்தினார். அமெரிக்காவின் பேரிலக்கியங்களில் கறுப்பர்கள் பேசப்படாத இடங்களிலும் அவர்கள் இருப்பு எப்படித் தெரிகிறது என்பதுதான் பேச்சு. ஏஹாப் துரத்துவது வெள்ளைத்தோலின் மேன்மை என்ற கருத்தையேதான் என்று படிக்க முடியும் என்றார். முதலில் கேட்டபோது எனக்கும் இது இழுத்துப் பொருத்தியதாகத்தான் பட்டது. ஆனால் அதன் பிறகு 93ஆம் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தேன். பிப் என்ற கறுப்பினச் சிறுவன் பயந்து படகிலிருந்து குதித்துவிடுகிறான். அவனைக் காப்பாற்றப் போய் மாட்டிய திமிங்கிலம் தப்பிவிடுகிறது. அடுத்த முறை குதித்தால் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று எச்சரிக்கும் படகின் தலைவன் ஸ்டப், அலபாமாவில் உன் விலையைப்போல முப்பது மடங்கு ஒரு திமிங்கிலத்துக்குக் கிடைக்கும் என்கிறான். அடுத்த முறை அவன் குதிக்கத்தான் செய்கிறான், ஸ்டப் அவனை நடுக்கடலில் விட்டுவிட்டுப் போகிறான், பிப்புக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது. அடிமைச் சந்தையின் விலை அச்சில் அப்படியே இருக்கிறது, நான் இரண்டு முறை படித்தும் அதைப் பார்க்கவில்லை.

இன்னொன்று. மெல்வில் இந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த 1851 ஏப்ரலில், ஜார்ஜியாவிலிருந்து தப்பி பாஸ்டனுக்கு வந்திருந்த தாமஸ் சிம்ஸ் என்ற அடிமை மீண்டும் எஜமானிடம் அனுப்பப்பட்டார். அவரை விடுவிக்க மறுத்த மாசசூசெட்ஸ் தலைமை நீதிபதி லெமுவல் ஷா, மெல்வில்லின் மாமனார். மெல்வில் தன் முதல் நாவலைச் சமர்ப்பணம் செய்ததும் இவருக்குத்தான். இதை வைத்து மெல்வில் மனதில் என்ன இருந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் ஆளுக்கு விலை வைக்கும் பேச்சு அவர் குடும்பத்துக்கே எட்டாத தூரத்தில் இருந்தது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

ஏஹாப் சர்வாதிகாரி என்ற வாசிப்புக்கும் ஒரு காலம் இருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கப் பேராசிரியர்கள் பலர் ஏஹாபை ஒரு பக்கமும், கதையைச் சொல்பவனும் சுதந்திரமாகச் சிந்திப்பவனுமான மாலுமி இஷ்மேலை எதிர்ப்பக்கமும் நிறுத்தினார்கள். அதே ஆண்டுகளில் சி.எல்.ஆர். ஜேம்ஸ் அதைப் புரட்டிப்போட்டார். டிரினிடாடில் பிறந்தவர், மார்க்ஸியர், கிரிக்கெட்டைப் பற்றியும் அருமையாக எழுதியவர். 1952இல் அவரை நாடு கடத்துவதற்காக நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் பிடித்து வைத்திருந்தார்கள். அங்கே இருந்தபடி இந்த நாவலைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஏஹாப் சர்வாதிகாரிதான், சரி, ஆனால் இஷ்மேல் அவருக்குப் பின்னால் போய்விடும் படித்தவன் என்றார். அவருக்கு நாவலின் நாயகர்கள் கொழுப்பை உருக்கி, ஈட்டி எறிந்து, கூட்டாக வேலை செய்யும் அந்தப் பல தேசத்து மாலுமிகள். உங்களுக்கு எரிச்சலூட்டிய ‘கப்பல் ஒரு தொழிற்சாலை’ என்ற வாசிப்புக்கு இதுவும் ஒரு பெரிய ஊற்று. கொழுப்பு உருக்கும் அத்தியாயங்களை நான் சலிப்பில்லாமல் படித்தது ஜேம்ஸைப் படித்த பிறகுதான்.

கப்பலின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பீக்வாட் என்பது ஒரு பழங்குடியின் பெயர், அவர்கள் இப்போது அழிந்துவிட்டார்கள் என்று நாவல் போகிறபோக்கில் சொல்கிறது. அழியவில்லை. 1637 போரில் கொன்று குவிக்கப்பட்டும் மிஞ்சியவர்களின் வழிவந்தவர்கள் கனெக்டிகட்டில் இன்றும் வாழ்கிறார்கள், அவர்களில் ஒரு பிரிவை 1983இல் அமெரிக்க அரசு முறையாக அங்கீகரித்தது. பூர்வகுடி ஆய்வாளர்கள் இதைச் சுட்டும்போது அவர்கள் எதையும் வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றவில்லை. நாவலில் இருக்கும் தவறு அது.

ஆனால் ஆய்வாளர்கள் சறுக்கும் இடமும் உண்டு, உங்கள் சந்தேகத்துக்கு அதில் நியாயம் இருக்கிறது. எஃப்.ஓ. மத்தீசன் 1941இல் எழுதிய பெரிய நூல்தான் மெல்வில்லைக் கல்லூரிப் பாடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தது. அதில் மெல்வில்லின் வேறொரு நாவலில் கடலில் விழுந்தவனை உரசிப்போகும் ‘அழுக்கடைந்த மீன்’ என்ற தொடரை எடுத்து, இப்படி எழுத மெல்வில்லால்தான் முடியும் என்று வியந்து பாராட்டினார். 1949இல் இன்னொருவர் பழைய பதிப்பைப் பார்த்தார். மெல்வில் எழுதியது ‘சுருண்ட மீன்’. ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்து மாறி அச்சானதுதான் மொத்த வியப்புக்கும் காரணம். இதனால் மத்தீசன் மேல் எனக்கு மதிப்புக் குறையவில்லை. எந்தக் கோட்பாட்டுக்கும் முன்னால் பாடபேதம் பார்க்கிறவர் வேண்டும், அவ்வளவுதான். மோபி டிக்குக்கே இது நடந்திருக்கிறது. 1851 அக்டோபரில் லண்டனில் முதலில் வந்த பதிப்பில், இஷ்மேல் உயிர் பிழைத்ததைச் சொல்லும் பின்னுரை விடுபட்டுவிட்டது. எல்லோரும் செத்துவிட்டார்கள் என்றால் கதையைச் சொல்வது யார் என்று அங்கே மதிப்புரை எழுதியவர்கள் கேட்டார்கள். அவர்கள் கையில் இருந்த புத்தகத்துக்கு அது சரியான கேள்வி.

அப்புறம் படம். அது நேராகக் கதை சொல்கிறது என்கிறீர்கள். ஜான் ஹூஸ்டனும் ரே பிராட்பரியும் எழுதிய அந்தத் திரைக்கதையில் ஃபெடல்லா இல்லவே இல்லை, கவனித்தீர்களா? ஏஹாபின் படகில் வரும் பார்சிக்காரன், அவர் சாவை முன்கூட்டிச் சொல்கிறவன். படத்தில் அவன் சொல்லவேண்டிய ஆரூடத்தைத் துறைமுகத்தில் நிற்கும் எலைஜா சொல்கிறான். நாவலில் திமிங்கிலத்தின் உடம்போடு கயிற்றில் சிக்கிக் கிடப்பது ஃபெடல்லாவின் பிணம். படத்தில் அங்கே ஏஹாபாக நடித்த கிரிகரி பெக் கிடந்து கையசைக்கிறார். அற்புதமான காட்சி, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஆசியன் நீங்கி, அவன் பேச்சும் அவன் சாவும் இரண்டு வெள்ளையருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. படமும் ஒரு வாசிப்புதான் ச., அது தன் கருத்தை வெளியே சொல்லாததால் உங்களுக்குக் கதை மட்டும் தெரிகிறது.

இப்போதைக்குக் கட்டுரைகளை ஓரமாக வையுங்கள். நீங்கள் பாதியில் தாண்டிய வெண்மை அத்தியாயம் 42ஆவது. அதற்கு இரண்டு அத்தியாயம் முன்னால், 40ஆவதின் கடைசிப் பத்தியைப் படியுங்கள். மாலுமிகள் கத்தியோடு மோதிக்கொள்ளும் இரவில் புயல் வந்துவிடுகிறது, பிப் நங்கூரம் இழுக்கும் உருளைக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டு, இருட்டில் எங்கோ மேலே இருக்கும் பெரிய வெள்ளைக் கடவுளைக் கூப்பிட்டு, கீழே கிடக்கும் இந்தச் சின்னக் கறுப்புப் பையன்மேல் இரக்கம் வையுங்கள் என்று வேண்டுகிறான். அதைப் படித்துவிட்டு நேராக 42க்குப் போங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள்.