குவில்ட் டிசைன் வரையும் மகளுக்கு என்ன படிப்பு?

குடியாத்தத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

ப்ளஸ் டூ படிக்கும் மகள் பொழுதன்றைக்கும் கம்ப்யூட்டரில் குவில்ட்டுக்கு, அதாவது துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வைக்கு, கட்டம் கட்டமாக டிசைன் வரைந்துகொண்டிருக்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் சாஃப்ட்வேர் தெரிந்தால் மட்டும் போடாது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். 12 அங்குலச் சதுரம், அதில் மூன்று அங்குலக் கட்டங்கள் பதினாறு, நடுவில் நட்சத்திரம். உங்கள் ஊர்க் கைலியின் நிறங்களையே எடுத்திருக்கிறாள், நல்ல கண். இப்போது அவளிடம் ஒன்று கேளுங்கள்: துணியை எந்த அளவுக்கு வெட்டுவாய்? மூன்று அங்குலம் என்றால் தப்பு. நாலு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும். சதுரத்தை மூன்றரைக்கு வெட்ட வேண்டும். விடாமல் தைத்தால் ஒவ்வொரு துண்டும் இரண்டரை ஆகி, 12 அங்குலச் சதுரம் பத்தில் வந்து நிற்கும். நட்சத்திரத்துக்கு வேண்டிய முக்கோணம் இன்னும் வம்பு. மூலைக்கு மூலை வெட்டி இரண்டு முக்கோணமாக்கும் சதுரத்துக்கு மூன்றரை போதாது, மூன்றே முக்காலே அரைக்கால் வேண்டும். சாய்வுத் தையல் அவ்வளவு துணியைத் தின்னும்.

இக்யூ8 மாதிரி குவில்ட்டுக்கென்றே உள்ள சாஃப்ட்வேர் வெட்டும் அளவு, எத்தனை கெஜம் துணி எல்லாவற்றையும் அச்சிட்டே தந்துவிடும். சரி, தரட்டும். ஏன் அந்த அளவு என்று தெரிந்தவரைத்தான் கம்பெனியில் தேடுகிறார்கள். அதனால் இந்த மாதமே ஒரு சதுரத்தை அவள் கையால் வெட்டித் தைக்கட்டும். நட்சத்திரத்தின் முனைகள் மழுங்காமல் வந்தால் தைரியமாக மேலே யோசிக்கலாம். மழுங்கினாலும் பிரித்துத் திரும்பத் தைக்கிறாளா என்று பாருங்கள். எனக்கு அதுதான் முக்கியம்.

படிப்புக்கு வருவோம். சென்னை தரமணியில் உள்ள நிஃப்டில் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) ஜவுளி வடிவமைப்பு நாலு வருடப் பட்டப்படிப்பு. ப்ளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவரும் எழுதலாம். நுழைவுத் தேர்வு உண்டு, ரிசல்ட் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். செலவு பல லட்சம் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள். அவ்வளவு முடியாதென்றால் சேலத்தில் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் டிப்ளமோ இருக்கிறது. படித்தபின் வேலைக்குக் கரூர்ப் பக்கம் பார்க்கலாம். படுக்கை விரிப்பு ஏற்றுமதி அங்கேதான்.

இன்னொரு வழியை நம் பக்கத்துக்காரர்களே மறந்துவிடுகிறார்கள். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூவின் மேல்பாகத்துக்குப் பேட்டர்ன் போடுகிறவர் செய்வதும் இதே கணக்குதான்: துண்டுகளாகப் பிரிப்பது, மடிப்புக்கும் தையலுக்கும் விடுவது, தோலில் வீணில்லாமல் அடுக்குவது. அதுவும் இப்போது கம்ப்யூட்டரில்தான். கிண்டியில் உள்ள மத்திய காலணிப் பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். "பெண் பிள்ளை ஷூ கம்பெனிக்கா?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். ஆம்பூரில் ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி வாசலில் போய் நின்று பார்க்கச் சொல்லுங்கள், பெண்கள்தான் அதிகம் வருவார்கள்.

ஒரே ஒரு சாஃப்ட்வேரைக் கற்றுத்தருகிறோம், வேலைக்கு நாங்கள் பொறுப்பு என்று யாராவது பெரிய தொகை கேட்டால் கட்டாதீர்கள். புது லேப்டாப்பும் இப்போது வேண்டாம். பழையதிலேயே இன்க்ஸ்கேப் என்ற வரையும் சாஃப்ட்வேர் ஓடும், இலவசம், கட்டம் போட்டு வரைய அது தாராளம். அந்தப் பணத்தில் ஒரு நல்ல தையல் மெஷின் வாங்கிக் கொடுங்கள்.