தன் வீட்டைக் கண்டிக்கத் தெரிந்தவர்

அன்புள்ள ஐயா,

2019இல் அபுதாபியில் போப் பிரான்சிஸும் எகிப்தின் அல்-அஸ்ஹர் மசூதியின் தலைமை இமாம் அகமது அல்-தய்யிபும் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். நம் மதத் தலைவர்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை? தம் மதமே உண்மை என்று நம்புகிறவர்களால் உரையாட முடியுமா? எங்கள் கல்லூரியில் மும்மதத் தலைவர்களை அழைத்து நல்லிணக்க மாநாடு நடத்துகிறோம். தாங்களும் வந்து பேச வேண்டும்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

குமரி மாவட்டத்து மண்டைக்காட்டிலிருந்து திரும்பிய இரவில் உங்கள் கடிதத்தை வாசித்தேன். மாசிக்கொடைக்கு இருமுடி சுமந்து வந்த பெண்கள், புற்றாக வளர்ந்து நிற்கும் பகவதியைத் தொழுதுவிட்டுக் கடலில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள். 1982 மார்ச் 1 அன்று, இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் மூண்ட கலவரத்தில், இங்கே போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்ததை இவர்களில் எத்தனை பேர் அறிவார்கள் என்று எண்ணியபடியே வீடு வந்திருந்தேன்.

அபுதாபி ஆவணம் நல்லது, இருக்கட்டும். இரண்டாவது கேள்விக்கு ஒரு வரி போதும்: எதையும் ஆழமாக நம்பாதவர்களுக்கு உரையாட என்ன இருக்கிறது?

என் கோபமெல்லாம் உங்கள் மாநாட்டின் மேல்தான். மூன்று நாற்காலிகள், மூன்று பொன்னாடைகள், ஒரு குத்துவிளக்கு. எல்லா மதங்களும் அன்பையே போதிக்கின்றன என்று மூவரும் சொல்ல, மாணவர்கள் கைதட்டுவார்கள். தம் மக்கள் மட்டுமே கூடியிருக்கும் இடத்தில் அதே மூவர் என்ன பேசுகிறார்கள் என்று என்றாவது போய்க் கேட்டிருக்கிறீர்களா? அதைக் கேட்காமல் அழைப்பிதழ் அச்சடிப்பது, ஓர் ஆசிரியருக்கு அழகில்லாத சோம்பேறித்தனம்.

1982இல் எனக்குப் பதின்மூன்று வயது. வாரத்தில் நான்கு நாள் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் இருந்தார். பாட்டிக்குத் தலைவலி வந்தால், பகவதிக்கு மண்டையப்பம் நேர்ந்துகொள்ளச் சொல்வதே கழுத்தில் ஜெபமாலை அணிந்த அந்த அக்காதான். கலவரம் மூண்ட வாரத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் சொற்பொழிவாற்ற வந்தவர், கடற்கரைக்காரர்களிடம் மீன் வாங்குகிறவன் இந்துவே இல்லை என்றார். அதே நாட்களில் கடற்கரைக்காரர்களின் மாதா கோயில் பிரசங்கத்தில், இந்துக்களின் கடைகளில் அரிசி வாங்கக் கூடாது என்று சொல்லப்பட்டதைப் பின்னாளில் அந்த அக்காவே சொல்லக் கேட்டேன். அந்த இருவரையும் உங்கள் மேடையில் ஏற்றியிருந்தால் அன்பைப் பற்றி அருமையாகப் பேசியிருப்பார்கள். அக்கா மூன்று மாதம் வரவில்லை. பாட்டி தினமும் காலையில் திண்ணையில் உட்கார்ந்து வழி பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்த் துவையல் அரைத்தாள்.

அந்தக் காலத்தில்தான் குன்றக்குடி அடிகளார் வந்தார். ஒரு சைவ ஆதீனத்தின் தலைவர் காவியும் திருநீறுமாக மீனவர் குடியிருப்புகளுக்குள் நடந்தது எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய திருவருட் பேரவையில் மூன்று மதத்தவரும் சேர்ந்து அமர்ந்தார்கள். அது அவரால் எப்படி முடிந்தது? அவர் மடாதிபதியாக இருந்துகொண்டே தம் சமயத்துக்குள் இருந்த சாதியையும் தீண்டாமையையும் பல்லாண்டுகளாகச் சாடிவந்தவர். பெரியாரோடு கருத்தால் மோதியபடியே நட்பையும் பேணியவர். தன் வீட்டைக் கண்டிக்கத் தெரிந்தவர் என்பதனால்தான் அடுத்த வீட்டில் அவருக்குப் பாய் விரித்தார்கள். மீண்டும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை: அடுத்த மதத்தாரைப் புகழ்வதற்கு எந்தத் துணிவும் வேண்டியதில்லை. தம்மை வணங்கும் கூட்டத்தைப் பார்த்து 'நீங்கள் செய்தது தவறு' என்று சொல்வதற்குத்தான் வேண்டும். அதைச் சொன்னால் காணிக்கை குறையும், கூட்டமும் குறையும்.

மாநாட்டுக்கு நான் வரவில்லை. மனம் வருந்தாதீர்கள், நீங்கள் நல்லவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அந்த மூவரையும் மாணவர்களும் புகைப்படக்காரரும் இல்லாத ஓர் அறையில் உட்காரவையுங்கள். திருவிழா நாட்களில் யாருடைய ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு அணைய வேண்டும், யாருடைய ஊர்வலம் எந்தத் தெருவில் மேளத்தை நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளை ஒவ்வொருவரும் தத்தம் மக்கள் முன் தாமே வாசிக்கும் நாளை எனக்குத் தெரிவியுங்கள். மூன்று இடங்களுக்கும் வந்து கடைசி வரிசையில் உட்காருகிறேன்.