தடைக்கால நிவாரணம், உரிமைத் தொகை, பராமரிப்புத் தொகை: பிள்ளைக்கான ஜீவனாம்சத்தில் எது வருமானம்?

கேள்வி இது: கணவர் குளச்சலில் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். பிரிந்து வாழும் மனைவி, அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்காக ஜீவனாம்ச மனு போட்டிருக்கிறார். எதிர்த்தரப்பு பதில் மனுவில் (கவுண்டர்), "மீன்பிடித் தடைக்காலம், அரசு நிவாரணம் தவிர வருமானமே இல்லை, மனைவிக்கு மகளிர் உரிமைத் தொகை வருகிறது, பையனுக்கு மாதம் 2,000 அரசின் பராமரிப்புத் தொகை வருகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். இவற்றை எல்லாம் நீதிமன்றம் வருமானமாக எடுக்குமா?

அந்த மனைவிக்கே நேராகப் பதில் சொல்கிறேன். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் பதில்களில் பாதி அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் கணக்கு அட்டவணை உண்டு. வறுமையைப் பார்த்துத் தரும் எஸ்.எஸ்.ஐ. போன்ற உதவியைப் பொதுவாக வருமானத்தில் சேர்ப்பதில்லை, உழைத்த காலத்துச் சந்தாவால் வரும் ஊனமுற்றோர் காப்பீட்டுத் தொகையைச் சேர்ப்பார்கள். நமக்கு அப்படி அட்டவணை எதுவும் இல்லை. பி.என்.எஸ்.எஸ். என்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு (2024 ஜூலை 1-க்கு முன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125) கேட்பது, தகப்பனுக்குப் போதிய வசதி இருந்தும் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாரா என்பதைத்தான். வசதி என்றால் கையில் வரும் பணம் மட்டுமல்ல, உழைத்துச் சம்பாதிக்கும் திறனும் சேர்ந்தது. உடல் நலமுள்ள ஆள் வருமானமில்லை என்று கைவிரிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் ஷமீமா ஃபரூக்கி வழக்கிலும், 2022-இல் அஞ்சு கார்க் வழக்கிலும் சொல்லிவிட்டது.

அதனால் ஒவ்வொரு தொகைக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். யார் பேரில் வருகிறது? எதற்காகத் தரப்படுகிறது? மாதாமாதமா, வருஷத்துக்கு ஒரு தடவையா?

தகப்பனுக்கு வருவதைப் பார்ப்போம். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். மீன்பிடிப்பு குறைந்த காலத்துக்கு 6,000. சேமிப்பு-நிவாரணத் திட்டத்தில் 4,500. இதில் 1,500 அவரே கட்டிய பணம், அரசின் பங்கு 3,000 மட்டும். அரசு தருவதை மட்டும் கூட்டினால் வருஷத்துக்கு 17,000, மாதத்துக்கு 1,400 சொச்சம். இதை அவருடைய வசதியில் ஒரு துண்டாகக் காட்டலாம், காட்டவும் வேண்டும். ஆனால் இதிலேயே மல்லுக்கட்டி நிற்கக் கூடாது. நிவாரணத்தை மட்டும் பேசப் பேச, "அவருக்கு இவ்வளவுதான்" என்ற படம் நீதிபதி மனதில் பதிந்துவிடும். எதிர்த்தரப்பு விரும்புவதும் அதைத்தான். தடைக்கால நிவாரணம் குடும்ப அட்டையைப் பார்த்துக் குடும்பத்துக்கு ஒன்றாக வருவது. அந்த அட்டையில் உங்கள் பெயரும் பையன் பெயரும் இன்னும் இருந்தால் அதன் நகலையும் மனுவோடு வையுங்கள்.

உண்மையான வருமானம் மீன் விற்ற பணத்தில் அவருக்கு வரும் பங்கில் இருக்கிறது. மீன் ஏலம் போனதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்குமாகப் பிரிப்பார்கள். ரொக்கமாகக் கைமாறுவதால் பாஸ்புக்கில் தடயம் இராது. ஆனால் படகு உரிமையாளரின் கணக்கு நோட்டில் ஒவ்வொரு தங்கலுக்கும் (கடலில் தங்கி மீன்பிடித்துவரும் பயணம்) ஒரு பக்கம் இருக்கும்: மேலே ஏலத் தொகை, கீழே செலவு வரிசை, அதற்கும் கீழே பேர் போட்டுப் பங்கு, முன்பணம் வாங்கியிருந்தால் அதன் கழிவு. அந்த நோட்டை வரவழைக்க பி.என்.எஸ்.எஸ். 94-இல் மனு போடலாம். வள்ளத்தில் (நாட்டுப்படகு) போகிறவராக இருந்தால் கரையிலுள்ள மீனவர் சங்கத்தில் ஏலப் பதிவு இருக்கும். நோட்டு கிடைக்காவிட்டால் செலவை வைத்து நிரூபியுங்கள்: நகைக்கடன் திருப்பிய ரசீது, சீட்டுப் பணம், பைக் தவணை.

"தடைக்காலம்" என்ற வாதத்துக்கு நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் உள்ள மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கு. அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஆக ஜூன் 15-க்குப் பிறகு குளச்சல்காரர் சின்னமுட்டத்தில் படகேறத் தடையில்லை. வள்ளத்துக்கும் கட்டுமரத்துக்கும் தடையே கிடையாது. இரண்டு தேதிகளையும் பதிலுரையில் எழுதி, குறுக்கு விசாரணையில் அந்த ஒன்றரை மாதம் எங்கே இருந்தார் என்று உங்கள் வக்கீலைக் கேட்கச் சொல்லுங்கள்.

அடுத்து உங்களுக்கு வருவது. 2023 செப்டம்பர் 15-இல் மாதம் 1,000 ரூபாயில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, குடும்பத் தலைவிக்கு அரசு தருவது. தகப்பனின் கடமையை ஈடுகட்ட வந்த பணம் இல்லை. அதை மறைக்க மட்டும் மறைக்காதீர்கள். 2020 நவம்பர் 4-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் பற்றிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும் என்றது. வங்கிக் கணக்கு அறிக்கையும் அதோடு போகும். மாதாமாதம் 1,000 வரவு அதில் தெரியும்போது பத்திரத்தில் அது இல்லையென்றால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளும் அடிபடும். சம்பளக் கட்டத்தில் போடாமல், பிற வரவு என்று தனியாக, திட்டத்தின் பெயரோடு எழுதுங்கள். நூறு நாள் வேலைக் கூலி அப்படியல்ல. அது உழைத்த கூலி, வருமானம்தான். ரேஷன் அரிசியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பையனின் 2,000 ரூபாயில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். "பிள்ளைக்கு வருமானம் இருக்கிறது" என்று எதிர்த்தரப்பு சொன்னதும் பதில் இல்லாமல் நின்றுவிடுகிறார்கள். அந்தத் தொகை குறைபாட்டால் வரும் கூடுதல் செலவுக்காகத் தரப்படுவது. ஆகவே பையனின் செலவுப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, எந்தப் பிள்ளைக்கும் ஆகும் சாப்பாடு, துணி, பள்ளி, வாடகைப் பங்கு. இன்னொன்று, இவனுக்கு மட்டும் ஆகும் பேச்சுப் பயிற்சி, மருந்து, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, நீங்கள் வேலைக்குப் போக முடியாமல் கூடவே இருக்கும் நேரம். இரண்டாவது பட்டியல் மட்டுமே 2,000-ஐத் தாண்டும் என்று ரசீதோடு காட்டினால், அந்தத் தொகையை வைத்துத் தகப்பன் பங்கைக் குறைக்க இடமிருக்காது. ஊனச் சான்றிதழ், அடையாள அட்டை நகல்கள் கட்டாயம்: குறைபாட்டால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு 18 வயது தாண்டியும் ஜீவனாம்சம் தொடரும்.

தகப்பன் அரசு ஊழியரோ ஓய்வூதியரோ என்றால் கணக்கு எளிது. ஓய்வூதியம் அவர் வசதியில் சேரும். ஆனால் தொகையை நிர்ணயிக்கும்போது சேர்ப்பது வேறு, ஜப்தி செய்து வசூலிப்பது வேறு, இரண்டையும் குழப்பாதீர்கள். ஜீவனாம்சத் தீர்ப்புக்காகச் சம்பளத்தை ஜப்தி செய்யும்போது மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு உண்டு. சாதாரணக் கடனுக்கு இருப்பதைவிட இது மிகக் குறைவு. குடும்ப வன்முறைச் சட்டம் 20(6)-இல் மனு செய்தால், சம்பளம் தருகிறவரே ஒரு பகுதியை நேராக உங்களுக்குத் தரும்படி உத்தரவு வாங்கலாம்.

நடைமுறை: இடைக்கால ஜீவனாம்ச மனுவைப் பிரதான மனுவோடு சேர்த்தே கொடுங்கள், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் கூடியவரை முடிக்கச் சட்டம் சொல்கிறது. தொகையை மனு போட்ட தேதியிலிருந்து கேளுங்கள். எதிர்த்தரப்பு பிரமாணப் பத்திரத்தை 4 வாரத்தில் தர வேண்டும். இரண்டு வாய்தாவுக்கு மேல் இழுத்தால் அவர்கள் வாதத்தை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். உத்தரவு வந்த பிறகு ஒரு மாதம் தவறினாலும் குறித்து வையுங்கள்: பணத்தை வசூலிக்க வாரண்ட் கேட்கும் மனுவைத் தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போடாவிட்டால், அந்த மாதத்துப் பணத்துக்கு 144-வது பிரிவில் வாரண்ட் வாங்க முடியாது.