யூரின் டியூப் பற்றிக் கேளுங்கள்: யூராலஜி வார்டு நர்ஸின் பதில்கள்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. ராத்திரி முழுக்கச் சிறுநீர் போகாமல் அடிவயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. டியூப் போட்டார்கள். எப்படிப் போடுவார்கள் சிஸ்டர், ரொம்ப வலிக்குமா?

இந்த வயதில் பெரும்பாலும் புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர் வழியைச் சுற்றி இருக்கும் சுரப்பி) வீங்கித்தான் வழி அடைபடும். ஆண்களின் சிறுநீர் வழி சுமார் 20 செ.மீ.; பெண்களுக்கு 4 செ.மீ.தான். அதனால் ஆண்களுக்குப் போடும்போது பொறுமை வேண்டும். சுத்தம் செய்து, லிக்னோகெயின் ஜெல்லியை உள்ளே செலுத்தி, மரத்துப்போக 3 முதல் 5 நிமிடம் காத்திருப்போம். இந்தக் காத்திருப்பை விட்டால்தான் வலி அதிகம். அப்புறம் 14 அல்லது 16ஆம் நம்பர் டியூப்பை மெதுவாகக் கடைசி வரை விடுவோம். சிறுநீர் வந்த பிறகே, டியூப் நழுவாமல் பிடிக்க நுனியில் உள்ள பலூனில் 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டர் ஏற்றுவோம். வராமல் ஏற்றவே கூடாது. பலூன் பாதி வழியில் இருந்தால் உள்ளே கிழிந்து ரத்தம் கொட்டும். முடிந்ததும் முன்தோலை முன்னால் இழுத்துவிட வேண்டும். மறந்தால் வீங்கி இறுகிவிடும். குளிப்பாட்டிய பிறகு நீங்களும் இதைப் பாருங்கள்.

கேள்வி: அம்மா படுத்த படுக்கை. துணி நனைந்துகொண்டே இருக்கிறது. டியூப் போட்டுவிடலாமா?

அதற்காக மட்டும் வேண்டாம் அம்மா. டயபர் மாற்றுவது சிரமம்தான், தெரியும். ஆனால் டியூப் இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. சிறுநீர் அடைப்பு, பெரிய ஆபரேஷன், ஐசியுவில் மணிக்கு மணி அளவு பார்ப்பது, ஈரத்தில் ஆறாத படுக்கைப்புண் என்று காரணம் இருந்தால் போடலாம். காரணம் தீர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். ரவுண்ட்ஸில் டாக்டரிடம் தினமும் கேளுங்கள்: “இன்னும் எதற்கு இருக்கிறது?”

கேள்வி: யூரின் பையைக் கட்டில் மேல் வைக்கலாமா?

கூடாது. சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக்கூடாது.

கேள்வி: எடுப்பதற்கு முன் டியூப்பைக் கிளிப் போட்டு அடைத்து, திறந்து, சிறுநீர்ப்பையைப் பழக்க வேண்டுமாமே?

சில நாள் இருந்த டியூப்புக்குத் தேவையில்லை. அப்படியே எடுக்கலாம்.

கேள்வி: தப்பு சிஸ்டர். என் மாமாவுக்கு 2 நாள் கிளிப் போட்டுத்தான் எடுத்தார்கள். நன்றாகப் போனது.

கிளிப் போடாமல் எடுத்தவர்களுக்கும் அப்படித்தான் போகிறது. ஆராய்ந்து பார்த்ததில் கிளிப்பால் பலன் தெரியவில்லை. டியூப் இருக்கும் நேரம்தான் கூடுகிறது. நானே வருடக்கணக்கில் கிளிப் போட்டவள், பிறகுதான் விட்டேன். திறக்க மறந்த கிளிப்பால் வயிறு உப்பித் துடித்த பெரியவரை வார்டில் பார்த்திருக்கிறேன். மாமாவுக்கு உதவியது பெரும்பாலும் புரோஸ்டேட் மாத்திரையாக இருக்கும். டாம்சுலோசின் கொடுத்து 2, 3 நாள் கழித்து எடுத்துப் பார்ப்பதுதான் வழக்கம்.

கேள்வி: எங்கள் ஊரிலும் கிளிப்தான் போடுவார்கள்.

பதில் மேலேயே இருக்கிறது.

கேள்வி: டியூப் ஓரமாகக் கசிகிறது. பெரிய சைஸ் போடச் சொல்லவா?

வேண்டாம். மடங்கியிருக்கிறதா, மலச்சிக்கல் இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் சிறுநீர்ப்பை இழுத்துப் பிடிப்பதால் கசியும். பையில் சிறுநீரே இறங்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: கிட்னி கல்லுக்கு வாழைத்தண்டு சாறு?

டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: பையைத் தலையணை பக்கத்தில் வைத்தால்?

கீழே. கட்டிலின் அடிச்சட்டத்தில், தரையில் படாமல்.